1654-க்குப் பிறகு காணாமல் போன டச்சுக் கேப்டன்

நீங்கள் தேடும் டச்சுக் கேப்டனின் பெயர் 1654-க்குப் பிறகு பதிவுகளில் இல்லையென்றால், அவர் இறந்துவிட்டார் என்று முடிவு கட்டாதீர்கள். 1653-ல் இங்கிலாந்துடன் நடந்த ஸ்கெவெனிங்கன் கடற்சண்டையில் இருந்தவர் அப்புறம் ஆம்ஸ்டர்டாம் அட்மிரால்டி (கடற்படையை நடத்திய அமைப்பு) பட்டியலில் இல்லையென்றால், அவர் ஓட்டியது போருக்குக் கப்பல் திரட்டிய நகர இயக்குநர்கள் பீரங்கி ஏற்றி அனுப்பிய வணிகக் கப்பலாக இருக்கலாம். 1654-ல் சமாதானம் ஆனதும் அப்படிப்பட்டவர்கள் பலர் பழையபடி சரக்கு ஏற்றப் போய்விட்டார்கள்.

ஆம்ஸ்டர்டாம் நகர ஆவணக்காப்பகத்தின் நோட்டரிப் பத்திரங்களில் தேடுங்கள்: கப்பல் வாடகை, கடன், உயில். கப்பல் பெயரையும் சேர்த்துத் தேடுவது நல்லது. கேப்டன் பெயரில் ‘யான்ஸ்’ என்று இருந்தால் அது குடும்பப் பெயர் இல்லை. ‘யானின் மகன்’, நம் இனிஷியல் மாதிரி. அதே பெயரில் துறைமுகத்துக்குப் பத்துப் பேர் கிடைப்பார்கள்! இருவர் சிக்கினால் பத்திரத்தின் அடியில் உள்ள கையெழுத்துகளை ஒப்பிடுங்கள்.

அட்மிரால்டிகள் மொத்தம் ஐந்து, ராட்டர்டாமையும் பாருங்கள். ஆனால் 1844-ல் ஹேக் கடற்படை அமைச்சகத்தில் பிடித்த தீயில் அவற்றின் ஆவணங்கள் ஏராளமாக எரிந்துபோயின.