வந்தாலும் செர்வுஸ், போனாலும் செர்வுஸ்

கேள்வி: என் பையன் ஜெர்மனில, மியூனிக்ல வேலை பாக்குறான். வீடியோ கால்ல அவனோட பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பாத்தார், வந்ததும் 'செர்வுஸ்'னார், கிளம்பும்போதும் அதையேதான் சொன்னார். அதுக்கு என்னங்க அர்த்தம்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: அருமையான வார்த்தைம்மா அது. மியூனிக் இருக்கிற பவேரியா மாநிலத்துலயும் பக்கத்து நாடான ஆஸ்திரியாலயும் வணக்கத்துக்கும் அதான், போய்ட்டு வரேனுக்கும் அதான். மூலம் லத்தீன், அங்க 'செர்வுஸ்'னா அடிமை, வேலைக்காரன். 'நான் உங்க அடிமை, எப்ப வேணா கூப்பிடுங்க'ன்னு பணிவா சொல்ற வழக்கம் இருந்து, அது தேஞ்சு தேஞ்சு ஒத்தை வார்த்தையா நின்னுடுச்சு. நம்ம வைணவங்க பாத்துக்கிட்டா 'அடியேன்'னு சொல்றாங்கல்ல, கிட்டத்தட்ட அதேதான். ஓட்டல் சர்வர், கம்ப்யூட்டர் சர்வர் எல்லாம் இதே லத்தீன் வேர்ல இருந்து இங்கிலீஷ் வழியா வந்ததுதான்.

இத்தாலிக்காரங்க சொல்ற 'ச்சாவ்' இருக்கே, அதுவும் இதே கதைதான், வெனிஸ் பக்கத்து பேச்சுல 'உங்க அடிமை'ன்னு ஆரம்பிச்சது, ஆனா வேர் வேற. செர்வுஸ் பவேரியாவோட நிக்கல, 1918 வரைக்கும் இருந்த ஆஸ்திரியா-ஹங்கேரி சாம்ராஜ்யத்து ஊர்கள்ல எல்லாம் பரவிக் கெடக்கு, ஹங்கேரில 'செர்வுஸ்', ருமேனியாவோட டிரான்சில்வேனியாலயும் அதே 'செர்வுஸ்', போலந்துல கூட கேக்கலாம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, அடிமைன்னு பொருள் உள்ள வார்த்தையை இன்னிக்கு சரிசமமா பழகுறவங்கதான் சொல்லிக்கிறாங்க. 'நீ'ன்னு பேசுற ஆள்கிட்ட செர்வுஸ். 'நீங்க'ன்னு பேச வேண்டிய ஆபீஸரு, முன்னப்பின்ன தெரியாத பெரியவர்கிட்ட 'க்ரூஸ் கொட்', அதாவது கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும்னு. பணிவைக் காட்டப் பொறந்த வார்த்தை இப்ப பெரியவங்ககிட்ட சொன்னா கொஞ்சம் உரிமை எடுத்துக்கிட்ட மாதிரி ஆகிடும், அதனால உங்க பையனை மேனேஜர்கிட்ட மட்டும் முதல்ல யோசிச்சு சொல்லச் சொல்லுங்க.

கிளம்பும்போது சொல்ல இன்னொண்ணும் இருக்கு, 'ஃபியாட் டி', கடவுள் உன்னைக் காப்பாத்தட்டும்னு அர்த்தம், அதுல கடவுள்ங்கற வார்த்தையே உதிர்ந்துபோச்சு, ஆசீர்வாதம் மட்டும் பாக்கி.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் உங்களை நெருக்கமாத்தான் நெனைச்சிருக்கார். அடுத்த தடவை வந்தா நீங்களே முந்திக்கிட்டு செர்வுஸ் சொல்லுங்க, மனுஷன் அசந்துபோவார்.