கிளாம் மெட்டலில் உருப்படியாக ஒரு ஆல்பமாவது உண்டா?

"சிலுப்பிய முடி, கண்மை, பிதுங்கும் பேன்ட், இதைத் தாண்டி கிளாம் மெட்டலில் என்ன இருக்கிறது? ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். டெஃப் லெப்பர்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'ஹிஸ்டீரியா', 1987.

கிளாம் மெட்டல், அதாவது எண்பதுகளின் பளபளப்பு ராக், என்ற முத்திரை அவர்களுக்கே பிடிக்காது என்பது வேறு விஷயம். லாஸ் ஏஞ்சலஸ் கிளப்களில் வளர்ந்த கூட்டம் இல்லை. இரும்பு உருக்கும் ஊரான ஷெஃபீல்டிலிருந்து கிளம்பியவர்கள். ஆனால் அந்தப் பளபளப்பை இவர்கள் அளவுக்கு இழைத்துச் செய்தவர்கள் இல்லை என்பது என் கட்சி.

1984-ல் வேலை தொடங்குகிறது. முந்தைய ஆல்பத்தைத் தயாரித்த மட் லாங்கே களைத்துப்போய் விலகிக்கொள்ள, தயாரிப்பாளராக ஜிம் ஸ்டைன்மன் வருகிறார். சரிப்படவில்லை, அனுப்பிவிடுகிறார்கள். அந்த வருடக் கடைசி நாளில் ஷெஃபீல்டுக்கு வெளியே கார் விபத்து. டிரம்ஸ் வாசிக்கும் ரிக் ஆலனின் இடது கை போய்விடுகிறது. ஒட்டவைத்துப் பார்த்தார்கள், கிருமித் தொற்றால் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. வயது 21.

வேறு குழுவாக இருந்தால் புது ஆள் தேடியிருப்பார்கள். இவர்கள் முடிவை ரிக்கிடமே விட்டார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் வைத்திருந்த ஃபோமைக் காலால் தட்டிப் பார்த்தபோதுதான், இடது கை செய்ததை இடது கால் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியதாம். அவருக்கென்றே ஒரு எலக்ட்ரானிக் டிரம்ஸ் தயாரானது. 'ஸ்னேர்' எனும் முக்கிய டிரம்மின் அடி கால் பெடலுக்கு இறங்கியது.

இதற்கிடையில் லாங்கே திரும்பி வந்துவிட்டார். ஐந்து பேரும் கூடி வாசித்து, அதைப் பதிவு செய்யும் வழக்கமெல்லாம் அவரிடம் கிடையாது. கிட்டாரில் ஒரு கார்டு, அதாவது பல சுரங்கள் சேர்ந்த ஒலி, வேண்டுமென்றால் ஒவ்வொரு தந்தியாக மீட்டி, தனித்தனியாகப் பதிந்து அடுக்குவார். தலைப்புப் பாட்டில் கிட்டார் மணி போலக் கலகலப்பது அதனால்தான். கிட்டாருக்குப் பெரிய ஆம்ப்ளிஃபையர்கூட இல்லை, 'ராக்மேன்' என்ற உள்ளங்கை அகலப் பெட்டிதான். பாட்டின் அமைப்பு எப்போது வேண்டுமானாலும் மாறும் என்பதால் டிரம்ஸைக் கடைசியில்தான் சேர்த்தார்கள், அதுவும் ஃபேர்லைட் கணினியில் ஏற்றி வைத்த ஒலிகளாக.

"அப்படியானால் அது மெஷின் வாசித்ததுதானே?" என்று ஒரு நண்பர் என்னோடு பல வருடம் சண்டை போட்டார். கை இரண்டும் இருந்திருந்தாலும் லாங்கே இப்படித்தான் செய்திருப்பார். ரிக்கால் வாசிக்க முடியுமா என்பதற்கான பதில் மேடையில் இருக்கிறது. 1986-ல் அயர்லாந்தில் சின்னச் சின்ன நிகழ்ச்சிகள், துணைக்கு இன்னொரு டிரம்மர். ஒரு நாள் அவர் வர நேரமாகிவிட்டது. ரிக் தனியாகவே தொடங்கினார், தாங்கினார். பிறகு துணை தேவைப்படவில்லை. அதே ஆகஸ்டில் இங்கிலாந்தின் டோனிங்டன் ராக் திருவிழாவில் தனியாக உட்கார்ந்தார்.

ஆல்பம் 1987 ஆகஸ்டில் வந்தது. பிரிட்டனில் உடனே முதலிடம். அமெரிக்காவில் முதலிடத்துக்கு வரக் கிட்டத்தட்ட ஒரு வருடம் இழுத்தது. கடைசி நேரத்தில் சேர்ந்த 'போர் சம் ஷுகர் ஆன் மீ'தான் அங்கே வண்டியைத் தள்ளிவிட்டது. மொத்தம் ஏழு சிங்கிள்கள். அமெரிக்காவில் மட்டும் 1.2 கோடிப் பிரதிகள்.

குறை இல்லாமல் இல்லை. 'எக்சைட்டபிள்' பாட்டு வந்தால் இன்றும் தள்ளிவிடுவேன். பாட்டு வரிகளில் தத்துவம் தேடாதீர்கள், கிடைக்காது.

எனக்கு இது முதலில் கிடைத்தது 60 நிமிட கேசட்டில். ஆல்பமோ 62 நிமிடத்துக்கு மேல். முதல் பக்கக் கடைசிப் பாட்டான 'ஆர்மகெட்டன் இட்' முடியுமுன் டேப் தீர்ந்து டக்கென்று நிற்கும். பல வருடம் கழித்து சிடியில் முழுசாகக் கேட்டபோது, அந்த இடத்தில் பாட்டு நிற்காமல் போனதுதான் எனக்குத் தப்பாகப் பட்டது.

ஹெட்ஃபோனில் 'ராக்கெட்'டிலிருந்து ஆரம்பியுங்கள்.