ஜப்பானில் கையால் செய்த கிளாசிக்கல், ஃபிளமெங்கோ கிட்டார்கள் ஸ்பெயின் கிட்டாரின் நகல்தானா? பழையது ஒன்று வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். அந்த 'நகல்' என்ற வார்த்தைக்காகத்தான் பதில் எழுதுகிறேன். உங்களிடம் யாரோ அப்படிச் சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சொன்னவர் என் கிட்டார் ஆசிரியர், அதுவும் வகுப்பில் எல்லார் முன்னாலும்.

டோக்கியோவில் வேலை பார்த்தபோது ஞாயிற்றுக்கிழமையானால் ஓச்சானோமிசுவுக்குப் போய்விடுவேன், அங்கே தெரு நெடுக கிட்டார் கடைகள்தான். ஐந்து மாதம் கடை கடையாக வாசித்துப் பார்த்த பிறகு 1970களில் செய்த 'கோனோ 10' என்ற மாடல் ஒன்றை வாங்கினேன். அந்த 10 அப்போதைய விலையைச் சொல்வது, பத்து பத்தாயிரம், அதாவது 1 லட்சம் யென். முதல் தந்தியைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேலே வாசித்தாலும் ஒலி மெலியவில்லை, அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

செய்தவர் கோனோ மசாரு, 1926இல் பிறந்தவர். பத்து வருடத்துக்கு மேல் கிட்டார் செய்த பிறகும், 1960 வாக்கில் மாட்ரிட் போய் ஆர்க்காஞ்சல் ஃபெர்னாண்டஸின் பட்டறையில் அரை வருடம் உட்கார்ந்து தொழில் கற்றார். அந்த ஆர்க்காஞ்சலே மார்செலோ பார்பெரோவிடம் கற்றவர்தான். ஸ்பெயின்காரர் குருவிடம் கற்றால் பரம்பரை, ஜப்பான்காரர் கற்றால் நகலா? 1967இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நடந்த சர்வதேசப் போட்டியில் கோனோவுக்குத் தங்கப் பதக்கம். அவருடைய நெருங்கிய உறவினர், அவரிடமே தொழில் பழகிய சகுராய் மசாகி, 1988இல் பாரிஸ் போட்டியில் முதலிடம் பிடித்தார்.

இது கோனோவோடு தொடங்கியதும் இல்லை. 1929இல் ஸ்பெயின் கிட்டார் கலைஞர் செகோவியா ஜப்பானில் வந்து வாசித்தார், அந்தத் தலைமுறையிலேயே நகாதே சகாசோ கிட்டார் செய்ய ஆரம்பித்துவிட்டார். 1960களில் யமஹா, கிரனாடாவிலிருந்து எதுவார்தோ ஃபெரெரை வரவழைத்துத் தன் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தது.

ஃபிளமெங்கோ என்ற ஸ்பெயின் பாட்டு, நடன இசைக்கான கிட்டாரைத் தனியாகப் பார்த்து வாங்குங்கள். வழக்கமாக அதன் பக்கங்களும் முதுகும் சைப்ரஸ் மரம், எடை குறைவு, தந்தி விரல் பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கும், விரலால் தட்டுகிற இடத்தில் ஒரு மெல்லிய தகடு ஒட்டியிருக்கும்.

ஜப்பானில் செய்ததெல்லாம் உசத்தி என்று நான் சொல்லவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம். அதே காலத்தில் பிளைவுட் கிட்டார்களும் தொழிற்சாலைகளிலிருந்து நிறைய வந்தன. லேபிளில் கையெழுத்து இருப்பது மட்டும் போதாது. ஒலித்துளையின் விளிம்பைப் பாருங்கள், மேலே தெரியும் மர வரி விளிம்பிலும் அப்படியே இறங்கினால் அது பிளைவுட் இல்லை, ஒற்றைப் பலகை. அப்புறம், பிரேசில் ரோஸ்வுட் என்றால் அனுமதிக் காகிதம் இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோகாதீர்கள், 1992 முதல் அந்த மரத்துக்கு சைட்டிஸ் (அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) தடை இருக்கிறது.

என்னுடையது இந்திய ரோஸ்வுட், காகிதப் பிரச்சினை இல்லை, ஆனால் விமான நிறுவனம் செய்ததை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கைப்பையாகக் கொண்டுவரலாம் என்று தொலைபேசியில் சொன்னார்கள், கவுன்டரில் மறுத்து சரக்கோடு போட்டார்கள். சென்னையில் திறந்தால் மேற்பலகையில் ஒரு சாண் விரிசல். பழுது பார்த்தவர் உள்ளே சின்னக் கண்ணாடியை விட்டுக் காட்டினார். மேற்பலகையைத் தாங்க உள்ளே விசிறி மாதிரி ஒட்டிய மரப்பட்டைகள் ஒன்றுகூட விட்டுப்போகவில்லை, ஐம்பது வருடத்துக்கு முந்தைய பசை. விரிசலை மட்டும் ஒட்டிக் கொடுத்தார், ஒலி மாறவில்லை. இழப்பீடு கேட்டு ஏழு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன், இன்னும் பதில் இல்லை.