உரத்தொட்டி நாறுகிறதா? கரண்ட் பில் எகிறுகிறதா?

வீட்டில் சின்னச் சின்னப் பசுமை மாற்றங்களைத் தொடங்கிவிட்டு, பாதியில் சிக்கிக்கொண்டு தவிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

கேள்வி: மூன்றாவது மாடி ஃபிளாட். பால்கனியில் பிளாஸ்டிக் வாளி வைத்துக் காய்கறிக் கழிவைப் போட்டுவருகிறேன். மூன்றே வாரத்தில் நாற்றம் தாங்கவில்லை, புழுவும் நெளிகிறது. மாமியார் தூக்கிப் போடச் சொல்கிறார். எங்கே தவறு?
– வாசகி, சென்னை

தூக்கிப் போட வேண்டாம், காப்பாற்றிவிடலாம். முதலில் வாளிக்குள் இருப்பதில் ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம். பிடித்த பிடி கொழுக்கட்டை மாதிரி நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுதான் பதம். உங்கள் வாளியில் தண்ணீர் சொட்டும் என்றுதான் நினைக்கிறோம். காய்கறித் தோலில் பெரும்பகுதி தண்ணீர்தான். அதை மட்டும் போட்டுக்கொண்டே வந்தால் காற்றுப் புக இடமில்லாமல் அழுகிவிடும். அழுகினால்தான் நாற்றம். மட்கினால் நாறாது.

ஒரு கிண்ணம் கழிவு போட்டால் ஒரு கிண்ணம் தென்னை நார்த்தூள் போடுங்கள். காய்ந்த இலை என்றால் இரண்டு கிண்ணம். இரண்டும் கிடைக்காத நாளில் அட்டைப்பெட்டியைச் சின்னச் சின்னதாகக் கிழித்துப் போடலாம். நார்த்தூளில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். செடி நடுவதற்கு ஊறவைப்பதுபோல் கட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து, அந்த ஈரத்தோடே உரத்தொட்டியிலும் போடுகிறார்கள். உரத்துக்கு அது உலர்ந்தே இருக்க வேண்டும். கழிவின் ஈரத்தை உறிஞ்சுவதுதான் அதன் வேலை.

இப்போதைக்கு, வாளியில் உள்ளதை ஒரு சாக்கில் கொட்டி, உலர்ந்த நார்த்தூளைப் பிடிப் பதம் வரும்வரை கலந்து கிளறுங்கள். வாளியின் பக்கவாட்டில் நான்கு விரல்கடைக்கு ஒன்றாகக் கால் அங்குல ஓட்டைகள் வேண்டும். அடியிலும் ஐந்தாறு. இரண்டு செங்கல் மேல் வாளியைத் தூக்கிவைத்து, அடியில் ஒரு தட்டு வையுங்கள். ஒரு டம்ளர் புளித்த மோரோ ஒரு கைப்பிடி பழைய உரமோ சேர்த்தால் மட்குவது சுறுசுறுப்பாகும். மேலே எப்போதும் ஓர் அங்குலத்துக்கு உலர்ந்த நார்த்தூள் போர்வை இருக்கட்டும், வாயைப் பழைய வேட்டித் துணியால் கட்டுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை அடிவரை கிளறினால் ஒரு வாரத்தில் நாற்றம் அடங்கும்.

நாற்றத்திலும் ரகம் உண்டு. அழுகிய முட்டை வாடை என்றால் காற்றுப் போதவில்லை, கிளறுங்கள். மூத்திர வாடை என்றால் பச்சைக் கழிவு மிஞ்சிவிட்டது, காய்ந்த இலை சேருங்கள். வாடையே இல்லாமல் எறும்பு மொய்த்தால் காய்ந்துபோயிருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

புழு தட்டையாக, வளையம் வளையமாக, பழுப்பு நிறத்தில் இருக்கிறதா? அது கருப்புப் படைவீரன் ஈயின் புழு. கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும், நல்ல வேலைக்காரன். பார்க்கப் பிடிக்காவிட்டால் ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கைத் தூவி, மேல்போர்வையைக் கனமாக்குங்கள், குறையும்.

மீன், கறி, எண்ணெய்ப் பலகாரம் பால்கனி வாளிக்கு ஆகாது. எலுமிச்சைத் தோல் கொஞ்சம் போகலாம், கூடை கூடையாகக் கூடாது. மாங்கொட்டையும் தேங்காய்ச் சிரட்டையும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், போடாதீர்கள். வாளி நிறைந்ததும் மூடி ஓரம்கட்டி, வாரம் ஒருமுறை கிளறி 45 நாள் விட்டுவிட்டு, இரண்டாவது வாளியைத் தொடங்குங்கள். முதல் மழைக்கு மண்ணிலிருந்து எழும் வாசம் வந்தால் உரம் தயார். அந்த வாசத்தை மாமியாருக்கு ஒரு கைப்பிடி நீட்டிக் காட்டுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கரண்ட் பில் ஒவ்வொரு முறையும் 500 யூனிட்டைக் கொஞ்சமாகத் தாண்டிவிடுகிறது. சோலார் போட வசதியில்லை. வேறு வழி?
– வாசகர், திருச்சி

தமிழ்நாட்டுக் கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது பெரிய கோடு. அதைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் வேறு கணக்கு வந்துவிடுகிறது. அதனால் உங்கள் வீட்டில் 30, 40 யூனிட் குறைப்பதுகூடப் பெரிய மிச்சம்.

மின்விசிறியில் தொடங்குங்கள். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும், குறைந்த மின்சாரத்தில் ஓடும் புதுவகை மோட்டார் உள்ள பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட். மூன்று ஃபேன் தினம் 12 மணி நேரம் ஓடினால் 60 நாளில் மிச்சம் 97 யூனிட். மூன்றையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம், அதிக நேரம் ஓடுகிற ஒன்றை முதலில் மாற்றுங்கள். மாட்டும்போது எலெக்ட்ரீஷியனிடம் பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேராக இணைக்கச் சொல்லுங்கள். அதை வைத்தே ஓட்டினால் ஃபேனுக்குள் உள்ள சர்க்யூட் சீக்கிரம் போய்விடும்.

அடுத்தது தண்ணீர் மோட்டார். ஒரு கிலோவாட் இழுக்கும் மோட்டார், மேல்தொட்டி நிரம்பிய பிறகும் தினம் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 30 யூனிட் வீண். தண்ணீரும் வீண். டி.வி.யை ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் விழித்தே இருக்கும். அது 10 வாட் இழுத்தால் அதே 60 நாளில் 14 யூனிட். சுவிட்சில் அணையுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாள் தடையில்லாமல் வந்தால் ரப்பர் தளர்ந்திருக்கிறது. ரப்பர் மட்டும் தனியாக மாற்றலாம்.

கேள்வி: ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறேன். இலை நுனி கருகுகிறது. இதனாலா?
– வாசகி, கோவை

பெரும்பாலும் இதனால்தான். மெஷின் உப்பை அழிப்பதில்லை, குடிநீரிலிருந்து பிரித்துக் கழிவு நீரில் சேர்க்கிறது. உள்ளே போகும் தண்ணீரின் டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, 600 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் குடிநீருக்கு மூன்று லிட்டர் வெளியேறினால் அந்தக் கழிவு நீரில் 780 அளவுக்கு உப்பு இருக்கும். ஒன்றுக்கு ஒன்று என்று வெளியேறினால் 1,150 ஆகிவிடும். அதாவது, தண்ணீரைக் குறைவாக வீணாக்கும் மெஷினின் கழிவு நீர்தான் செடிக்கு அதிகக் கெடுதல். தரையில் உள்ள செடிக்கு மழை வந்து உப்பைக் கழுவிவிடும். தொட்டியில் தங்கிவிடும். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு பூத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரை அடி ஓட்டை வழியே வடியும்படி ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். கையடக்க டி.டி.எஸ். மீட்டரில் 1,000க்கு மேல் காட்டும் தண்ணீரைத் தொட்டிச் செடிக்கு ஊற்ற வேண்டாம். வீடு துடைக்க, கழிவறைக்கு, பாத்திரத்தின் முதல் கழுவலுக்குப் பயன்படுத்துங்கள்.

தொட்டி நிரம்பி மெஷின் நின்ற பிறகும் கழிவுக் குழாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தால் உள்ளே தானாக மூடும் வால்வு பழுது. ராத்திரி முழுக்க ஓடி வீணாகும். படுக்கும் முன் குழாய் நுனியில் ஒரு டம்ளர் வைத்தால் காலையில் தெரிந்துவிடும்.

இன்னொன்று: உங்கள் தண்ணீரின் டி.டி.எஸ். 500க்குக் கீழே என்றால் ஆர்.ஓ. தேவையா என்றே யோசியுங்கள். இந்தியக் குடிநீர்த் தர விதியில் ஏற்கத்தக்க அளவு அதுதான். மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டும். ஃபுளோரைடு, நைட்ரேட் தெரிய, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு முடிவெடுங்கள்.

கேள்வி: வீடு துடைக்கப் பழத்தோலைப் புளிக்கவைத்து பயோ என்சைம் போட்ட கண்ணாடி பாட்டில் வெடித்துவிட்டது. இனி பயமாக இருக்கிறது.
– வாசகி, ஈரோடு

கண்ணாடியில் போடவே கூடாது. வெல்லம் புளிக்கும்போது கரியமில வாயு கிளம்பும், இறுக்கி மூடினால் வெடிக்கும். இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் 100 கிராம் வெல்லம், 300 கிராம் ஆரஞ்சு அல்லது எலுமிச்சைத் தோல், ஒரு லிட்டர் தண்ணீர். மேலே கால் பங்காவது காலியாக இருக்கட்டும். முதல் மாதம் தினம் ஒருமுறை மூடியைத் திருகி வாயுவை விட்டு மூடுங்கள், பிறகு வாரம் ஒருமுறை. 90 நாளில் வடிகட்டலாம். மேலே வெள்ளை ஆடை படிந்தால் கவலையில்லை. கருப்புப் பூசணமும் துர்நாற்றமும் வந்தால் இன்னொரு 100 கிராம் வெல்லம் சேருங்கள்.

அரை வாளித் தண்ணீருக்கு 50 மில்லி போதும். இது புளிப்புத் தன்மை உள்ளது. மார்பிளிலும் கடப்பா கல் மேடையிலும் ஊற்றினால் பளபளப்பு போய் வெளிறிவிடும், அங்கே வேண்டாம். பிளீச்சிங் பவுடரோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சு வாயு வரும். இது அழுக்கைத் தான் எடுக்கும், கிருமிநாசினி அல்ல.

கேள்வி: எதைத் தொடங்கினாலும் கடைசியில் என் தலையில்தான் விழுகிறது. கழுவ, பிரிக்க, கிளற, எல்லாம் நானே.
– வாசகி, தஞ்சாவூர்

நியாயமான ஆதங்கம். தினமும் வேலை வைக்காத மாற்றங்களை முதலில் செய்யுங்கள். ஃபேன் மாற்றுவது அப்படி ஒன்று. குழாய் நுனியில் ஏரேட்டர் எனும் சல்லடை மூடி மாட்டுவது இன்னொன்று. ஒரு லிட்டர் சொம்பு 5 விநாடியில் நிரம்பினால் உங்கள் குழாய் நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டுகிறது, ஏரேட்டர் போட்டால் பாதிக்கும் கீழே இறங்கும். வாங்கும் முன் குழாய் வாயில் மரை இருக்கிறதா என்று பாருங்கள். உப்புத் தண்ணீர் ஊரில் அது அடைத்துக்கொள்ளும், மாதம் ஒருமுறை கழற்றிப் புளித்தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். மேல்தொட்டிக்கு நேர் கீழ் வீடு என்றால் அழுத்தம் குறைவு, தண்ணீர் நூலாகத்தான் வரும், அங்கே வேண்டாம்.

பழைய 10 லிட்டர் ஃபிளஷ் டேங்கில், மிதவையில் உரசாத மூலையில், மணலும் தண்ணீரும் நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை வையுங்கள். நான்கு பேர் ஐந்து முறை என்றால் தினம் 20 லிட்டர் மிச்சம். செங்கல் வைக்காதீர்கள், கரைந்து வால்வை அடைக்கும். தினசரி வேலை உள்ளவற்றை வேறொருவர் பொறுப்பேற்ற பிறகு தொடங்கினால் போதும். உரம் கிளறுவது ஐந்து நிமிட வேலை, பத்து வயதுப் பிள்ளைக்கே முடியும்.

கேள்வி: பால் பாக்கெட்டை என்ன செய்வது?
– வாசகர், மதுரை

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை வந்தபோதும் பால் பாக்கெட்டுக்கு விலக்கு உண்டு. முனையை முழுசாக வெட்டி எடுக்காதீர்கள். அந்தத் துணுக்கு எந்தச் சேகரிப்பிலும் சிக்காமல் சாக்கடைக்குப் போய்விடும். வெட்டும்போது ஒட்டியபடி விடுங்கள். கழுவிய தண்ணீரைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு, பாக்கெட்டைக் கொடியில் கிளிப் போட்டுக் காயவையுங்கள். காய்ந்து வாடையில்லாமல் இருந்தால் பழைய பேப்பர்க்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார்.