நாயை விடுதியில் விடுவதற்கு முன்...

கேள்வி: மே மாதம் பத்து நாள் காசி யாத்திரை போகிறோம். மூன்று வயது லாப்ரடாரை நாய் விடுதியில் விடலாமென்று இருக்கிறோம். எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? - வாசகி, திருச்சி

பதில்: முதலில் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். ரேபிஸ் ஊசியும், டிஸ்டெம்பர், பார்வோ எனும் வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசியும் ஓராண்டுக்குள் போட்டதாக இருக்கட்டும். கென்னல் காஃப் எனும் தொற்று இருமலுக்குத் தோலடி ஊசி என்றால், முதல்முறை சில வார இடைவெளியில் இரண்டு தவணை போட வேண்டும். கிளம்புகிற வாரம் மருத்துவரிடம் ஓடிப் பயனில்லை.

நம் ஊரில் பெரிய தலைவலி உண்ணிதான். விடுதியைப் பார்க்கப் போனால் வரவேற்பறையோடு திரும்பாதீர்கள். கூண்டு வரை போய் சுவர் விரிசல், கதவு இடுக்குகளைப் பாருங்கள். உண்ணி ஒளிவது அங்கேதான். உள்ளே விட மறுத்தால் வேறு இடம் தேடுங்கள். எடைக்கேற்ற உண்ணி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு இரண்டு நாள் முன்பே கொடுத்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் பெரும்பாலும் கடித்து 1 முதல் 3 வாரம் கழித்தே தலைகாட்டும். அதனால் திரும்பிய பிறகும் காதுமடல், விரலிடுக்குகளைத் தடவிப் பாருங்கள். சோர்வு, காய்ச்சல், மூக்கில் ரத்தம் தெரிந்தால் உடனே ரத்தப் பரிசோதனை.

வீட்டுச் சோறு தின்னும் நாய்க்குத் திடீரென்று பாக்கெட் தீனி போட்டால் வயிற்றுப்போக்கு நிச்சயம் என்றே வையுங்கள். ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். மே வெயிலில் லாப்ரடாருக்குத் தகரக் கூரை ஆகவே ஆகாது. மின்தடைக்கு இன்வெர்ட்டர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். முன்னதாக ஓரிரவு விட்டுப் பார்ப்பது நல்லது. சாப்பிடாமல் கிடந்தால் அப்போதே தெரிந்துவிடும்.