ஜெபம் வராத நாட்களில் தேவனுடைய அன்பில் நிலைத்திருப்பது எப்படி?

கேள்வி: சிறு வயதிலிருந்தே ஆலயத்துக்குப் போகிறேன். கடந்த சில மாதங்களாக ஜெபம் வரவில்லை. தேவன் என்னை நேசிக்கிறார் என்ற உணர்வும் இல்லை. இந்த நிலையில் சபைக்குப் போவதில் பொருள் உண்டா? தேவனுடைய அன்போடு இணைந்திருக்க நான் என்ன செய்ய வேண்டும்?

போங்கள். உணர்வு திரும்பி வரட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அதே நிலையில் ஓராண்டுக்கும் மேலாக இருந்தவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் வசிக்கிறேன். எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகத் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தது. 2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையில், என் தம்பி பதினொரு நாட்கள் மருத்துவமனையில் இருந்து இறந்துபோனான். அவனுக்கு வயது முப்பத்தெட்டு. எங்கள் பாடகர் குழுவில் அடிக்குரல் பாடுகிறவன். காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் அவனை அடக்கம் செய்தபோது எங்களோடு விரல் விட்டு எண்ணக்கூடிய சிலரே நின்றிருந்தார்கள். ஆயர் தள்ளி நின்று, முகக்கவசத்துக்குள்ளிருந்து அடக்க ஆராதனையின் வார்த்தைகளைச் சொன்னார். அவற்றில் பாதி எங்களுக்குக் கேட்கவில்லை. தம்பிக்காக ஒரு பாமாலைகூடப் பாட முடியாமல் வீடு திரும்பினோம். அன்றைக்குப் பிறகு ஜெபிக்க வாயைத் திறந்தால் ஒரு சொல்லும் வரவில்லை.

அந்த ஜூலையில் ஆலயங்களைத் திறந்துவிட்டார்கள்; நான் போகவில்லை. துக்கம் மட்டும் அதற்குக் காரணமன்று. சபையில் மதிப்போடு நடத்தப்படும் ஒருவர் தெருவில் என்னை நிறுத்தி, "இன்னும் விசுவாசத்தோடு ஜெபித்திருந்தால் உங்கள் தம்பி பிழைத்திருப்பார்" என்று சொன்னார். ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் அவர் அதைச் சொல்லியிருப்பார் என்று இன்று என்னால் எண்ண முடிகிறது. ஆனால் அன்று அது, தம்பியின் சாவுக்கு என்னையே கணக்குக் கேட்பதுபோல இருந்தது. தேவனுடைய அன்பு என் ஜெபத்தின் அளவைப் பார்த்துத்தான் வருமென்றால் அந்த அன்பு எனக்கு எட்டாது என்று முடிவு செய்துகொண்டேன்.

அந்த நாட்களில் எங்கள் சபையிலிருந்து ஒரு ஆயா வியாழக்கிழமைதோறும் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். எங்களுக்கு உறவில்லை. எழுபது வயதைக் கடந்தவர். காசிமேட்டில் விடியலுக்கு முன்பே ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் வைத்துத் தெருத்தெருவாக விற்று ஆறு பேர் கொண்ட குடும்பத்தைக் கரையேற்றியவர். முதல் வாரம் நான் கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் நின்றபோது அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து, "நைனா, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொல்றேன், நீ கேட்டுக்கினு இரு" என்றார். பிறகு 121-ஆம் சங்கீதத்தைத் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஒப்புவித்தார். பரமண்டல ஜெபத்தைச் சொன்னார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். உபதேசம் எதுவும் செய்யவில்லை. ஏன் ஆலயத்துக்கு வருவதில்லை என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் ஒருநாளும் கேட்டதில்லை. சில வாரங்களில் ஒரு சிறிய தூக்கில் நெத்திலிக் குழம்பு இருக்கும். என் மனைவியின் கையில் அதைக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருவார்.

அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் பாமாலையின் எண்ணைச் சொன்னால் போதும், சபையார் புத்தகத்தைப் புரட்டி முடிப்பதற்குள் முதல் வரியைத் தொடங்கிவிடுவார். அறுபது ஆண்டுகளாகக் கேட்டுக் கேட்டு மனத்தில் பதித்துக்கொண்ட வேதம் அது. வியாழக்கிழமைகளில் அவர் சொல்லிக்கொண்டிருந்தது தம் ஜெபம் மட்டுமல்ல, எனக்கு வராத என் ஜெபமும்கூட என்பதை உணர எனக்குப் பல மாதங்கள் ஆயின.

இங்கே உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். 'இணைந்திருப்பது' என்றதும், நாம் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பதாகவும், கை தளர்ந்தால் விழுந்துவிடுவோம் என்றும் எண்ணிக்கொள்கிறோம். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் 8-ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்வதோ வேறு. மரணம், ஜீவன், நிகழ்காரியங்கள், வருங்காரியங்கள், உயர்வு, தாழ்வு என்று வரிசையாகச் சொல்லி, இவற்றில் ஒன்றும் "தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்கமாட்டாது" என்கிறார். அந்த வாக்கியத்தில் பிடித்திருக்கும் கை நம்முடையது அன்று. அதே அதிகாரத்தில் சற்று முன்னால், எப்படி வேண்டிக்கொள்வது என்று நாம் அறியாதிருக்கும்போது ஆவியானவரே வாக்குக்கு அடங்காத பெருமூச்சுகளோடு நமக்காக வேண்டுகிறார் என்றும் எழுதியிருக்கிறார். ஜெபம் வராத நிலை பவுலுக்குத் தெரியாத நிலை அன்று. அதை விசுவாசக் குறைவு என்று அவர் கடிந்துகொள்ளவும் இல்லை.

இன்னொன்றும் கவனித்துப் பாருங்கள். யோவான் 15-இல், "என்னுடைய அன்பிலே நிலைத்திருங்கள்" என்று இயேசு சொல்கிறார். இன்றைய தமிழில் ஒருவரை மரியாதையாக விளிக்கவும் 'நீங்கள்' என்கிறோம் என்பதால், அந்த வசனத்தைத் தனிமையில் வாசிக்கும்போது எனக்கு மட்டும் சொல்லப்பட்டதாகவே நெடுங்காலம் எடுத்துக்கொண்டேன். ஆனால் நாம் வழக்கமாக வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பில், எதிரில் இருப்பவர் ஒருவரென்றால் எத்தனை பெரிய மனிதரானாலும் 'நீ' என்றோ 'நீர்' என்றோதான் வரும், 'நீங்கள்' என்று வராது. நிக்கொதேமுவிடமும் பிலாத்துவிடமும் இயேசு பேசும் இடங்களைப் பாருங்கள். ஆகவே 'நிலைத்திருங்கள்' என்பது பலரைச் சேர்த்துச் சொன்ன சொல். அதை அவர் சொன்னது, சில மணி நேரத்தில் அவரை விட்டு ஓடிப்போகவிருந்த ஒரு கூட்டத்தாரிடம். நிலைத்திருக்கும் வேலையைத் தனியொருவன் தலையில் அவர் சுமத்தவில்லை.

தோமாவையும் நினைத்துக்கொள்ளுங்கள். பரங்கிமலையும் சாந்தோமும் இருக்கும் இந்த நகரத்தில் அவரைச் சந்தேகப்பட்டவர் என்று மட்டும் நினைவில் வைத்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. இயேசு உயிர்த்தெழுந்த அன்று சாயங்காலம் மற்றச் சீஷர்கள் கூடியிருந்தபோது அவர் அங்கே இல்லை. அவர்கள் சொன்னதை அவர் நம்பவுமில்லை. ஆனால் எட்டு நாளுக்குப் பின்பு அதே வீட்டில், அதே மனிதர்கள் நடுவே, நம்பாதவராகவே அவரும் இருந்தார் என்று யோவான் எழுதுகிறார். அவர்கள் அவரை வெளியே தள்ளவில்லை, அவரும் போய்விடவில்லை. இயேசு அவரைச் சந்தித்தது அந்தக் கூட்டத்துக்குள்தான்.

2022 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மறுபடியும் ஆலயத்துக்குப் போனேன். பெரிய மனமாற்றம் ஏதும் நிகழ்ந்துவிடவில்லை. முந்தைய வியாழக்கிழமை ஆயா புறப்படும்போது, "இந்த வாரம் திருவிருந்து" என்று சொல்லியிருந்தார், அவ்வளவுதான். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். விசுவாசப் பிரமாணத்துக்குச் சபையார் எழுந்தபோது நானும் எழுந்தேன், ஆனால் வாய் திறக்கவில்லை. என்னைச் சுற்றிலும் முந்நூறு குரல்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தன. "பரிசுத்தவான்களுடைய ஐக்கியமும்" என்ற இடம் வந்தபோது, அந்தச் சொற்களுக்கு முதன்முறையாகப் பொருள் விளங்கியதுபோல இருந்தது: நான் சொல்ல இயலாததை இவர்கள் எனக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள், என் தம்பியும் இந்த ஐக்கியத்துக்கு வெளியே இல்லை.

பிறகு திருவிருந்துக்குப் போய் முழங்காற்படியிட்டேன். மரக் கிராதி பலர் கை பட்டு வழவழப்பாக இருந்தது. பக்கத்தில் ஆயா. வெள்ளைச் சேலை, எத்தனை முறை கழுவினாலும் போகாத மீன் வாசம் அவர் விரல்களில். வலது உள்ளங்கையை இடது கையின் மேல் வைத்து அவர் நீட்டியதைப் பார்த்து நானும் நீட்டினேன். ஆயர் அப்பத்தை வைத்துச் சொன்ன வார்த்தைகளில் 'உனக்காக' என்ற ஒன்று மட்டும் என் காதில் நின்றது. எனக்கு அழுகை வந்தது. மகிழ்ச்சி என்று அதைச் சொல்ல மாட்டேன். தேவனுடைய அன்பை 'உணர்ந்தேன்' என்றும் சொல்லத் துணிய மாட்டேன். ஆனால் அது என் உள்ளங்கையில் இருந்தது. ஊரடங்கு நாட்களில் கைப்பேசியில் ஆராதனை பார்த்தோம். படுக்கையில் இருப்பவர்களுக்கு இன்றும் அது பெரிய உதவி, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். எனினும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்து சேரும் அப்பத்தை எந்தத் திரையாலும் தர முடியாது.

இராயபுரத்தில் புனித பேதுரு ஆலயத்தைப் பார்த்திருப்பீர்கள். 1829-இல் அதைக் கட்டியவர்கள் படகோட்டிகள். செயற்கைத் துறைமுகம் வருவதற்கு முன், கப்பல்கள் கரையிலிருந்து தள்ளிக் கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவை அவர்களுடைய மசூலாப் படகுகள்தான். அந்தப் படகின் பலகைகளை ஆணி அடித்துச் சேர்ப்பதில்லை. தேங்காய் நார்க்கயிற்றால் தைத்துச் சேர்ப்பார்கள். விறைப்பாக ஆணி அடித்த படகு இந்தக் கரையின் அலையில் மோதினால் உடைந்துபோகும். தைத்த படகு வளைந்துகொடுக்கும். தையல் வழியே தண்ணீர் கசியும் என்பதால் ஒருவர் இறைத்துக்கொட்டிக்கொண்டே இருப்பார். சபையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகு நினைவுக்கு வருகிறது. என்னைத் தெருவில் நிறுத்திப் புண்படுத்தியவரும் அதில் ஒரு பலகை. ஆயாவும் ஒரு பலகை.

வெட்கத்தால் விலகி நிற்பவராக இருந்தால் உங்களுக்கு ஜெர்மானிய மிஷனரி ஃபெப்ரிசியஸ் ஐயரைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1742-இல் சென்னைக்கு வந்து வேப்பேரியில் ஊழியம் செய்து, வேதாகமத்தைத் தமிழில் பெயர்த்தவர். தமிழ்ச் சபைகள் இன்றும் பாடும் ஞானப்பாட்டுகளில் பல அவர் ஜெர்மன் மொழியிலிருந்து தமிழாக்கித் தந்தவை. அவர் முதுமையில் கடனுக்காகச் சிறை சென்றவர். சிறைக்குப் போன அந்த மனிதர் தந்த பாடல்களைத்தான் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாடிக்கொண்டிருக்கிறோம்.

இனி உங்களுக்கு நடைமுறையில் சொல்லக்கூடியது. உங்கள் நிலையைச் சபையில் ஒரே ஒருவரிடமாவது மறைக்காமல் சொல்லுங்கள். அவர் ஆயராக இருக்க வேண்டும் என்பதில்லை, கேட்டதைத் தமக்குள் வைத்துக்கொள்பவராக இருந்தால் போதும். துதிச் சங்கீதங்கள் நாவில் வராவிட்டால் 88-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசியில் நம்பிக்கைக்கோ துதிக்கோ திரும்பிவிடும். இதுவோ திரும்பாமல் இருளிலேயே முடிகிறது. ஆனாலும் "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்றுதான் அது தொடங்குகிறது. இருளில் இருந்துகொண்டே தேவனைப் பார்த்துப் பேசுவதும் ஜெபம்தான் என்பதற்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நான் அதை ஓராண்டு காலம் நாள்தோறும் காலையில் வாசித்தேன். சபையில் ஒரு சிறு வேலையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தது ஆராதனை முடிந்ததும் பாமாலைப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கும் வேலை. உணர்வு வற்றியிருந்த வாரங்களிலும் நான் போக வேண்டியிருந்தது அதனால்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். உறக்கமும் பசியும் வாரக்கணக்கில் போய், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வருமானால் மருத்துவரிடம் போங்கள். அது அவிசுவாசம் அன்று, மருந்தும் தேவனுடைய கொடைதான். அடுத்து, உங்கள் துயரத்துக்கு உங்கள் விசுவாசக் குறைவே காரணம் என்று மேடையிலிருந்தே போதித்து, தீர்வுக்கு உங்கள் காணிக்கையைக் கேட்கும் இடமாக இருந்தால், அந்த இடத்தை விட்டுவிட்டு வேறொரு சபைக்குப் போங்கள். அந்த ஓர் இடத்தை விட்டுப் போவது கிறிஸ்துவின் சபையை விட்டுப் போவது ஆகாது.

ஆயாவால் இப்போது ஆலயத்துக்கு வர இயலவில்லை. இடுப்பெலும்பு முறிந்து ஓராண்டாகப் படுக்கையில் இருக்கிறார். மாதம் ஒருமுறை ஆயர் திருவிருந்தை அவர் வீட்டுக்கே கொண்டுபோகிறார். நானும் உடன் போகிறேன். வியாழக்கிழமைகளில் தனியாகப் போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து 121-ஆம் சங்கீதத்தை வாசிக்கிறேன். எனக்கு அது இன்னும் முழுதாக மனப்பாடம் ஆகவில்லை. ஏதாவது ஒரு சொல்லை விட்டுவிட்டால், கண்ணைத் திறக்காமலேயே அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொடுத்துவிட்டு, மேலே படி என்று கையை அசைக்கிறார்.