அவனுடைய வண்டியில் அவளை ஏற்றாதீர்கள்

கேள்வி: அலாஸ்காவில் நடக்கும் இடிட்டராட் நாய்வண்டிப் பந்தயத்தை வைத்து ஒரு சாகசக் காதல் நாவல் எழுதுகிறேன். நாயகன், நாயகி இருவருமே போட்டியாளர்கள். பனிப்புயலில் சிக்கிய அவளை அவன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் எல்லையைத் தொடுவதுதான் உச்சக்கட்டம். படித்துப் பார்த்த தோழி, "பந்தயமும் ஒட்டல, காதலும் ஒட்டல" என்கிறாள். எதை மாற்றுவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் தோழி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவள் அவனுடைய வண்டியில் ஏறிவிட்டால் அவளுடைய நாய்கள் என்ன ஆகும்? பத்துப் பன்னிரண்டு நாய்களைப் புயலில் விட்டுவிட்டுக் காதலனோடு போகிறவளை எந்த வாசகரும் மன்னிக்க மாட்டார். பந்தய விதியும் இடம் கொடுக்காது, ஒரு வண்டிக்கு ஒருவர்தான், கிளம்பியவரேதான் போய்ச் சேரவும் வேண்டும். அப்புறம், இது பெண்களைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்க்க வேண்டிய பந்தயமே இல்லை. 1985ல் மற்றவர்கள் தயங்கி நின்றபோது ஷக்டூலிக் கிராமத்திலிருந்து புயலுக்குள் கிளம்பி, உறைந்த கடல்மீது வண்டிக்குள்ளேயே ஒரு ராத்திரியைக் கழித்து, கடைசியில் ஜெயித்தவர் லிபி ரிடில்ஸ் என்ற பெண். அதற்குப் பிறகு சூசன் புச்சர் நான்கு முறை ஜெயித்தார். உங்கள் நாயகியும் புயலுக்குள் தானாகவே போகட்டும், தானாகவே வெளியே வரட்டும்.

அப்படியானால் காதல் எங்கே என்பீர்கள். ஏறக்குறைய ஆயிரம் மைல் தூரம் ஆளுக்கொரு வண்டியில் தனித்தனியாகப் போகிறார்கள், சந்திப்பதெல்லாம் வழியில் நின்று போகும் செக்பாயிண்டில்தான். அங்கே என்ன நடக்கும் என்று கொஞ்சம் நிறுத்தி எழுதுங்கள். வந்ததும் தூக்கம் கிடையாது. வைக்கோல் பரப்பி நாய்களைப் படுக்கவைத்து, ஒவ்வொன்றின் நான்கு காலிலிருந்தும் துணி உறைகளைக் கழற்றி, அடுப்பில் பனியை உருக்கித் தண்ணீராக்கி, தீனி கலந்து போட்டு, பாதங்களுக்கு மருந்து தடவி முடித்த பிறகுதான் தனக்கு ஒரு வாய் சாப்பாடு. அவரவர் நாய்களை அவரவரேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிரில் விறைத்துப்போன விரல்களால் உறையின் பட்டையைப் பிரிக்க முடியாமல் அவள் பல்லால் கடித்து இழுக்கிறாள், நாலு அடி தள்ளி அவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான், கை வைக்க முடியாது. பக்கம் பக்கமாக வசனம் எழுதினாலும் வராத காதல் இந்த இடத்தில் வந்துவிடும்.

இந்த வண்டிக்குக் கடிவாளம் கிடையாது என்பதையும் நீங்கள் பயன்படுத்தவே இல்லை. வலது பக்கம் திரும்ப 'ஜீ', இடது பக்கம் 'ஹா', எல்லாமே குரல்தான். பல நாள் தூக்கமில்லாமல் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற நிலையில், எதிரே எதுவும் புலப்படாத வெள்ளையில், அவள் தன் தலைநாயை அழைக்கும் குரல் மட்டும் அவனுக்குக் கேட்கட்டும், அது நிஜமா பிரமையா என்று அவனுக்கே தெரியாமல் இருக்கட்டும். அவசரத்தில் சக போட்டியாளருக்கு உதவினால் தண்டனை இல்லை, அதனால் அவன் நிற்கலாம்தான், ஆனால் போன நேரம் போனதுதான். நிற்பானா? நின்றாலும் அவள் "போ, நான் வந்துக்கிறேன்" என்று சொல்வாளா? புயல் அத்தியாயத்துக்கு இது போதும்.

உண்மையான உச்சக்கட்டத்தை வைட் மவுண்டன் என்ற செக்பாயிண்டில் வையுங்கள். பந்தயம் முடியும் நோம் நகரத்துக்கு இன்னும் 77 மைல், ஆனால் அங்கே எல்லோரும் கட்டாயம் 8 மணி நேரம் நின்றாக வேண்டும். அவன் வந்த நாற்பது நிமிடம் கழித்து அவள் வந்தால், அவன் கிளம்பிய நாற்பது நிமிடம் கழித்துத்தான் அவளும் கிளம்ப முடியும். நடுவில் ஏழு மணி நேரத்துக்கு மேல் இரண்டு பேரும் ஒரே இடத்தில், அவசரப்படவே முடியாமல். பேச வேண்டியதையெல்லாம் அங்கே பேசட்டும்.

முடிவில் கைகோத்தபடி ஒன்றாக எல்லையைத் தொட வேண்டாம். 1978ல் டிக் மேக்கி ஒரே ஒரு விநாடி வித்தியாசத்தில் ரிக் ஸ்வென்சனை முந்தினார். அந்த அளவுக்கு நெருக்கமாக வரட்டும், ஆனால் ஒருவர் தோற்கட்டும். என்னைக் கேட்டால் அவன் தோற்கட்டும். முதலில் வைட் மவுண்டன் அத்தியாயத்தை எழுதி அதே தோழியிடம் காட்டுங்கள், புயலை அப்புறம் திருத்திக்கொள்ளலாம்.